வெயில் படாத இடத்தில் மெலனோமா

தோலில் வரும் புற்றுநோய்களில் அதிக உயிர்களைப் பறிப்பது மெலனோமா. தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களிலிருந்து கிளம்பும் இந்த நோயை மருத்துவ உலகம் பல பத்தாண்டுகளாக வெயிலோடு சேர்த்தே பேசிவருகிறது. அதற்குக் காரணமும் உண்டு. வெளுத்த தோல்காரர்கள் கடும் வெயிலடிக்கும் நாட்டில் குடியேறி வாழும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்தான் இது உலகிலேயே மிக அதிகம். சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று 1981-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய பிரசாரம் பிறகு பல நாடுகளுக்கும் முன்மாதிரியானது. ஆனால் இதே நோய் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் வருகிறது. வெயில் ஏறக்குறைய எட்டிப் பார்க்காத இடங்கள் இவை. அக்ரல் மெலனோமா என்று இதற்குப் பெயர். இதற்கு இரண்டு எளிய விளக்கங்கள் மருத்துவர்களிடையேகூடப் புழங்குகின்றன: கறுத்த தோல்காரர்களுக்கு வரும் மெலனோமா இது என்பது ஒன்று, காலில் பட்ட அடியால் வருவது என்பது மற்றொன்று. முதலாவது கணக்கைத் தவறாகப் படித்ததால் வந்தது. இரண்டாவதில் ஓரளவு உண்மை இருக்கலாம். கிடைத்திருக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், இந்த நோயைத் தீர்மானிப்பதில் ஆளின் நிறத்தைவிடச் செல் குடியிருக்கும் இடத்துக்கே பெரிய பங்கு இருப்பதாகத் தெரிகிறது. இந்த வேறுபாடு புரியாததன் விலையை அதிகம் கொடுப்பவர்கள் நம்மைப் போன்ற நிறத்தவர்கள்தாம்.

நோய் புதிதல்ல. நகத்தைச் சுற்றிக் கறுத்து வீங்கும் ஒரு புற்றை லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் 1886-இலேயே விவரித்துவிட்டார். சாதாரண நகச்சுற்று என்று நினைத்து ஏமாறுவது எளிது என்பதையும் அவர் கண்டிருந்தார். நகத்தின் கறுப்பு நகத்தோடு நிற்காமல் அடுத்துள்ள தோலுக்கும் பரவினால் அதை இன்றும் ஹட்சின்சன் குறி என்றே சொல்கிறார்கள். இருந்தும் 1969-இல் அமெரிக்க நோய்க்குறியியலாளர் வாலஸ் கிளார்க் மெலனோமாவை மூன்று வகையாகப் பிரித்தபோது இதற்குத் தனி இடம் கிடைக்கவில்லை. ரிச்சர்ட் ரீட் 1976-இல்தான் இதை நான்காவது வகையாகப் பிரித்துக் காட்டினார். மேல்தோலின் அடிவரிசையில் புற்றுச் செல்கள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் நெடுந்தூரம் படர்ந்து, பிறகே ஆழத்தில் இறங்குவது இதன் இயல்பு. கையிலும் காலிலும் வரும் எல்லா மெலனோமாவும் இந்த வடிவில்தான் வளரும் என்றில்லை. நேரே முடிச்சாகக் கிளம்புவதும் உண்டு. ஆகவே வளரும் வடிவத்தை வைத்து வகைப்படுத்துவதா, இடத்தை வைத்தா என்ற இழுபறி இன்னும் முடியவில்லை. இடத்தை வைத்து வகைப்படுத்துவதே பொருத்தம் என்பது என் எண்ணம். அதற்கான காரணத்தை மரபணுச் சான்றுகள் தருகின்றன. அதற்கு முன் நிறத்தைப் பற்றிய கணக்கைப் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 1986 முதல் 2005 வரையிலான தரவுகளை அலசி 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கறுப்பினத்தவருக்கு வந்த தோல் மெலனோமாக்களில் 36 விழுக்காடு அக்ரல் வகை. ஆசிய, பசிபிக் தீவு மரபினரில் 18 விழுக்காடு. ஹிஸ்பானியரல்லாத வெள்ளையரில் வெறும் 1 விழுக்காடு. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர், கறுப்பினத்தவருக்கு இந்த நோய் முப்பது மடங்குக்கும் மேல் அதிகம் என்று முடிவுகட்டிவிடுவார். ஆனால் அதே ஆய்வு இன்னொரு கணக்கையும் தருகிறது. பத்து லட்சம் பேரில் ஓர் ஆண்டில் எத்தனை பேருக்கு வருகிறது என்று எண்ணினால், கறுப்பினத்தவர், வெள்ளையர் இருவரிடமும் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: இரண்டுக்கும் சற்றுக் குறைவு. ஹிஸ்பானியரிடம் சற்றுக் கூடுதல். விழுக்காடு ஏன் அவ்வளவு மாறுகிறது என்பதற்கு விடை மிக எளியது. வெள்ளையரிடம் வெயிலால் வரும் மெலனோமா மலைபோல் குவிந்திருப்பதால் இந்தச் சிறு எண்ணிக்கை அதில் காணாமல் போகிறது. கறுத்த தோலில் மெலனின் என்ற நிறமி வெயிலைத் தடுத்து அந்த மலையைக் கரைத்துவிடுகிறது, எஞ்சுவது அக்ரல் வகை. சீனாவில் மெலனோமா நோயாளிகளில் பத்தில் நான்கு பேர் அளவுக்கு அக்ரல் வகையினர் என்பதும், ஜப்பானில் இதுவே முதன்மை வகை என்பதும், மெலனோமாவே அரிதான இந்தியாவில் மருத்துவமனைத் தொகுப்புகள் பலவற்றில் பாதமே முதலிடம் பிடிப்பதும் இதே கணக்கின் விளைவுகள்தாம். மெலனின் நம்மைக் காக்கிறது என்பது உண்மை. அந்தக் காவல் உள்ளங்காலுக்குச் செல்லாது, அங்கே அதற்கு வேலையும் இல்லை.

இதற்கு ஓர் ஆட்சேபம் வரும். உகாண்டா முதலிய ஆப்பிரிக்க நாடுகளில் உள்ளங்கால் மெலனோமா அதிகம் தென்பட்டதைக் கண்ட அந்தக் கால மருத்துவர்கள், செருப்பில்லாமல் நடப்பதே காரணம் என்று எழுதினார்கள். முள்ளும் கல்லும் குத்திப் புண்ணாகி ஆறி, மீண்டும் புண்ணாகும் காலில் புற்று வருவது நம்பத்தக்கதாகவே தோன்றும். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் காலணி போடும் அமெரிக்கக் கறுப்பினத்தவரிடமும், அதே ஊர் வெள்ளையரிடமும், காலணியோடு நடமாடும் ஜப்பானியரிடமும் இந்த நோய் இருக்கிறது. வெறுங்கால்தான் காரணம் என்றால் இவர்களிடையே பெரிய ஏற்றத்தாழ்வு தெரிந்திருக்க வேண்டும். தவிர, உள்ளங்கைக்கும் கைநகத்துக்கும் அந்த விளக்கம் பொருந்தவே பொருந்தாது.

அப்படியானால் அந்த இடத்தில் என்னதான் இருக்கிறது? உள்ளங்கையும் உள்ளங்காலும் உடலின் மற்றத் தோலைப் போன்றவையல்ல. மேலே தடித்த கொம்புப் படலம், முடி கிடையாது, வியர்வைச் சுரப்பிகள் ஏராளம், நிறமிச் செல்கள் சொற்பம். எவ்வளவு கறுத்தவருக்கும் உள்ளங்கை வெளுத்திருப்பது ஏன் என்பதற்கு 2004-இல் ஒரு தெளிவான விடை கிடைத்தது. அங்குள்ள உள்தோல் செல்கள் டிகேகே1 என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கின்றன. அது மேலேயுள்ள மெலனோசைட்டுகளின் பெருக்கத்தையும் நிறமி உற்பத்தியையும் அடக்கி வைக்கிறது. அதாவது அங்கே நிறமிச் செல்லுக்கு அமைந்த சுற்றுச்சூழலே வேறு. முடி உள்ள தோலில் மெலனோசைட்டின் மூலச்செல்கள் முடிவேரில் தங்கியிருக்கும். முடியில்லாத உள்ளங்காலில் அவை வியர்வைச் சுரப்பியின் அடியில் குடியிருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014-இல் காட்டி, அக்ரல் மெலனோமாவின் ஊற்று அங்கேதான் இருக்க வேண்டும் என்றார்கள். அதைவிட வலுவான சான்று 2022-இல் நியூயார்க்கிலிருந்து வந்தது, அதுவும் வரிக்குதிரை மீனிலிருந்து. அக்ரல் மெலனோமாவில் அடிக்கடி பெருகிக் காணப்படும் சிஆர்கேஎல் முதலிய மரபணுக்களை மீனின் நிறமிச் செல்களில் புகுத்தியபோது, மீன் உடம்பெல்லாம் ஒரே சீராகக் கட்டி வரவில்லை, துடுப்புகளில் கூடியது. பரிணாமத்தில் நம் கைகால்களுக்கு இணையானவை துடுப்புகள். கைகால் நுனிகளை உருவாக்கும் ஹாக்ஸ்13 மரபணுக்களின் கட்டளை அங்குள்ள நிறமிச் செல்லில் வளர்ந்தபின்னும் நிலைத்திருக்கிறது, அதுவே அந்த மரபணுப் பிழைக்கு இடம்கொடுக்கிறது என்பது அவர்களின் முடிவு. மார்பில் இருக்கும் மெலனோசைட்டும் குதிகாலில் இருக்கும் மெலனோசைட்டும் பெயரளவில்தான் ஒன்று.

கட்டியின் மரபணுக்களைப் படித்தவர்களும் இதையே வேறு வழியில் கண்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் போரிஸ் பாஸ்டியன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, மெலனோமா ஒரே நோயல்ல, உடலின் இடத்துக்கும் வெயிலின் அளவுக்கும் ஏற்ப வேறுவேறு மரபணுப் பாதைகளில் நடப்பது என்று நிறுவியது. சாதாரணத் தோல் மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் பிராஃப் மரபணு பிறழ்ந்திருக்கும். அக்ரல் வகையில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். மாறாக, கிட் மரபணுப் பிறழ்வும் சைக்ளின் டி1 பெருக்கமும் இங்கே அதிகம். ஆஸ்திரேலியர்கள் 2017-இல் 183 மெலனோமாக்களின் முழு மரபணுத்தொகுதியையும் படித்தபோது வித்தியாசம் இன்னும் துலக்கமானது. வெயில்பட்ட தோலின் கட்டியில், அதன் டிஎன்ஏவில் புறஊதாக் கதிர் விட்டுச்சென்ற எழுத்துப்பிழைகள் பல்லாயிரக்கணக்கில் இருந்தன. அக்ரல் கட்டிகளிலோ எழுத்துப்பிழைகள் குறைவு; குரோமோசோம்கள் துண்டு துண்டாக உடைந்து, இடம் மாறி ஒட்டி, சில துண்டுகள் பல பிரதிகளாகப் பெருகிக் கிடந்தன. இந்தப் பெருக்கம் நோயின் தொடக்கத்திலேயே நிகழ்வதால், கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் இயல்பாகத் தெரியும் சுற்றுப்புறத் தோலிலும் அதே பிழையுள்ள செல்கள் ஏற்கெனவே பரவியிருக்கும். அறுவை மருத்துவர் சுத்தமாக வெட்டியெடுத்தும் தழும்பின் ஓரத்தில் நோய் திரும்பத் தலைகாட்டுவதற்கு இதுவே ஒரு காரணம்.

வெயிலுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நகத்தடிக் கட்டிகளில் சிலவற்றில் புறஊதாக் கதிரின் கைரேகை அழுத்தமாகவே கிடைத்திருக்கிறது. நகம் முழுமையான கவசமல்ல என்பதற்கு அது சான்று. ஆளின் மரபுக்கும் பங்கில்லை என்று அடித்துச் சொல்வது தவறாகும். மெக்சிகோ நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், ஐரோப்பிய மரபு கூடுதலாக உள்ளவர்களின் அக்ரல் கட்டிகளில் பிராஃப் பிறழ்வு அதிகம் இருப்பதைக் கண்டார்கள். ஆக, கட்டியின் நடத்தையைப் பரம்பரை திருத்தி எழுதுகிறது. ஆனாலும் உலகின் எல்லா இனத்தவரின் உள்ளங்காலிலும் இந்த ஒரே வகைக் குரோமோசோம் உடைப்பு திரும்பத் திரும்பத் தோன்றுவதை மரபு விளக்கவில்லை, இடம்தான் விளக்குகிறது.

அந்த உடைப்பை எது தொடங்கி வைக்கிறது என்ற கேள்வியில்தான் அடியும் அழுத்தமும் மறுபடி உள்ளே வருகின்றன. ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழக மருத்துவர்கள் 2016-இல் 123 நோயாளிகளின் உள்ளங்கால் கட்டிகளை ஒரே பாதப் படத்தில் குறித்துப் பார்த்தார்கள். குதிகாலிலும் விரல்களுக்குப் பின்னுள்ள மேட்டிலும், அதாவது உடலின் பாரம் இறங்கும் இடங்களில், புள்ளிகள் நெருங்கி விழுந்தன. தரையைத் தொடாத வளைவுப் பகுதி பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. கொரியாவில் 177 நோயாளிகளை வைத்து 2013-இல் வந்த ஆய்வும் அதையே சுட்டியது. திரும்பத் திரும்ப நசுங்கும்போது செல்லின் உட்கரு உறை கிழிந்து டிஎன்ஏ சேதமடையலாம் என்று ஆய்வகச் சான்றும் பின்னால் கிடைத்திருக்கிறது. ஆனால் மற்ற நாடுகளில் இதே முறையில் படம் வரைந்தவர்கள் எல்லோருக்கும் இதே முடிவு கிடைக்கவில்லை. பாரம் இறங்கும் பரப்பு பாதத்தில் பெரும்பகுதி என்பதால், தற்செயலாகவே அங்கே புள்ளிகள் கூடும் என்ற எதிர்வாதத்தையும் எளிதில் தள்ள முடியாது.

ஒருமுறை பட்ட அடி என்பது இதிலிருந்து வேறு. ஆஸ்திரேலியாவிலும் ஸ்காட்லாந்திலும் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், உள்ளங்காலில் மச்சமுள்ளவர்களுக்கும், கை காலில் ஆழமாகக் குத்துப்பட்டவர்களுக்கும் இந்த நோய் கூடுதலாகவே இருந்தது. இத்தகைய ஆய்வுகளில் நினைவு ஏமாற்றும் என்பதை மறக்கக்கூடாது. புற்று வந்தவர் காரணம் தேடித் தன் காலின் வரலாற்றைத் துருவுவார். வராதவர் பத்து வருடத்துக்கு முன் குத்திய முள்ளை நினைவில் வைத்திருக்க மாட்டார். பாடகர் பாப் மார்லியின் கதையும் இப்படித்தான் தவறாகச் சொல்லப்படுகிறது. கால்பந்து ஆடும்போது பெருவிரலில் பட்ட காயம் புற்றாக மாறியதாக உலகம் நம்புகிறது. 1977-இல் அந்த விரலின் நகத்தடியில் மெலனோமா கண்டறியப்பட்டது. விரலை அகற்ற அவர் சம்மதிக்கவில்லை. நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவி 1981 மே மாதம் தமது 36-ஆவது வயதில் இறந்தார். ஏற்கெனவே கட்டி இருந்த விரலில் காயம் ஆறாமல் போயிருக்கவும், காயம் பட்டதால் கட்டி கவனத்துக்கு வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. வாழ்நாள் முழுவதும் காலில் அடிபடாதவர் யாரும் இல்லை, இந்த நோய் வருபவரோ ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவர்கூட இல்லை. நாள்பட்ட அழுத்தம் ஒரு துணைக்காரணமாக இருக்கக்கூடும் என்பது வரைக்கும் ஏற்கலாம். ஒற்றைக் காயத்தின்மேல் பழியைப் போடச் சான்று போதாது.

நோயை அடையாளம் காண்பதிலும் இடத்தின் அமைப்பே கைகொடுக்கிறது. உள்ளங்காலின் ரேகைகள் உழுத நிலம்போல மேடும் சாலுமாக ஓடுகின்றன. சாதாரண மச்சத்தின் நிறமி பெரும்பாலும் சால்களில் கோடாகப் படியும்; மெலனோமாவின் நிறமி மேடுகளில் படியும். வியர்வைத் துளைகள் திறப்பது மேடுகளின் உச்சியில் என்பதை மேலே சொன்ன மூலச்செல் கண்டுபிடிப்போடு சேர்த்துப் பார்த்தால் இந்த விதி தற்செயலல்ல என்று படும். தோஷியாகி சைதா தலைமையில் ஜப்பானியர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், டெர்மாஸ்கோப் என்னும் கைவிளக்கு உருப்பெருக்கியால் பார்த்தபோது மேட்டுக்கோட்டு அமைப்பு மெலனோமாக்களில் 86 விழுக்காட்டில் தெரிந்தது. தீங்கற்ற புள்ளிகளில் 99 விழுக்காட்டில் அந்த அமைப்பு இல்லை. கத்தி வைக்காமல், அந்தச் சிறு கருவியால் இவ்வளவு துல்லியம் கிடைப்பது தோல் மருத்துவத்தில் அபூர்வம். ஆனால் எல்லாக் கட்டியும் கறுத்திருப்பதில்லை. நிறமே இல்லாமல் சிவந்த சதையாகவோ ஆறாத புண்ணாகவோ வருபவை இந்த வகையில் கணிசம். அவற்றைக் கால் ஆணி, பாலுண்ணி, நகச்சுற்று, சர்க்கரைப் புண் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு போட்டும் சுரண்டியும் காலம் போகிறது. பாத மெலனோமாக்களில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் அளவுக்கு முதலில் வேறு நோயாகக் கணிக்கப்பட்டதாகப் பதிவான ஆய்வுகள் உண்டு.

நகத்தில் சிக்கல் வேறு மாதிரி. நகத்தில் நெடுக்குவாட்டில் ஒரு பழுப்புக் கோடு ஓடுவது கறுத்த தோல்காரர்களிடம் மிகச் சாதாரணம்; ஆப்பிரிக்க மரபினரில் ஐம்பதைத் தாண்டியவர்களில் அது இல்லாதவர்களே குறைவு. பல விரல்களில், பல ஆண்டுகளாக, மாறாமல் இருக்கும் கோடுகளுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. நடுவயதுக்கு மேல் ஒரே ஒரு விரலில், குறிப்பாகக் கைக் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ புதிதாகத் தோன்றி, 3 மில்லிமீட்டருக்கு மேல் அகன்று, விளிம்பு கலங்கி, நகக்கண் பக்கம் அகலம் கூடிக்கொண்டே போவதுதான் சந்தேகத்துக்கு உரியது. கதவில் நசுங்கி ரத்தம் கட்டியதென்றால் கறுப்பு நகத்தோடு சேர்ந்து முன்னே நகரும், அடியில் வெள்ளை நகம் முளைத்து வரும். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்வதால் இரண்டு மூன்று மாதத்தில் இது தெரிந்துவிடும். கால் பெருவிரல் நகம் முழுதாகப் புதிதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால் அங்கே அவ்வளவு காத்திருக்கக் கூடாது. சதைப் பரிசோதனையையும் நகத்தின் நுனியில் எடுத்துப் பயனில்லை; நிறமி உற்பத்தியாகும் வேர்ப்பகுதியிலிருந்து எடுக்க வேண்டும்.

தாமதத்தின் விலை எவ்வளவு? மேற்சொன்ன அமெரிக்கத் தரவில் எல்லாத் தோல் மெலனோமாக்களையும் சேர்த்துப் பார்த்தால், நோய் கண்டு ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அதனால் இறக்காமல் இருந்தவர்கள் 91.3 விழுக்காடு, அக்ரல் வகையில் 80.3. பத்து ஆண்டில் இடைவெளி இன்னும் விரிந்து 87.5-க்கு எதிராக 67.5 என்று ஆகிறது. இடைவெளியில் பெரும்பகுதி, தடித்த பிறகு கண்டுபிடிப்பதால் வருவது. மெலனோமாவின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்து உயிர்வாய்ப்பைக் கணிக்கும் முறையை 1970-இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ வகுத்தார். 1 மில்லிமீட்டருக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார்கள், 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் உயிர்வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஆனால் தாமதம் மட்டுமே என்று சொல்வதும் நேர்மையாகாது. ஒரே ஆழமுள்ள கட்டிகளை ஒப்பிட்டாலும் சில ஆய்வுகளில் அக்ரல் வகை பின்தங்கியே நிற்கிறது. எழுத்துப்பிழைகள் குறைவாக உள்ள கட்டி நோயெதிர்ப்புச் செல்களின் கண்ணில் அவ்வளவாகப் படாது. ஆகவே கடந்த பத்தாண்டுகளில் மெலனோமா சிகிச்சையையே மாற்றிவிட்ட நோயெதிர்ப்பு மருந்துகள் இங்கே குறைவாகவே பலிக்கின்றன. பிராஃப் மருந்துகளுக்குத் தகுதியுள்ள நோயாளிகளும் சிலரே. கிட் பிறழ்வு உள்ளவர்களுக்கு இமாட்டினிப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது, அதுவும் பலருக்கு நிலைக்கவில்லை.

இவ்வளவு அரிதான நோய்க்காக ஊரையே பயமுறுத்த வேண்டுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. உள்ளங்காலில் ஒரு புள்ளியோ நகத்தில் ஒரு கோடோ உள்ள கோடிக்கணக்கானோரை மருத்துவமனைக்குத் துரத்தினால் தேவையற்ற வெட்டும் தழும்பும்தான் மிஞ்சும். நகவேரில் எடுக்கும் சதையால் நகமே கோணலாகிப்போவதும் உண்டு. அதனால் மக்கள் அனைவரையும் சோதிக்கும் திட்டம் இதற்கு ஏற்றதல்ல. கால்களை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் போவதே சரி. சர்க்கரை நோயாளியின் பாதத்தைச் சோதிக்கும் செவிலியர், கால் ஆணியை வெட்டும் மருத்துவர், நகப் பூஞ்சைக்கு மாத்திரை எழுதும் பொதுநல மருத்துவர் ஆகியோருக்கு ஒரே ஒரு விதி போதும்: முறையான சிகிச்சை கொடுத்தும் இரண்டு மூன்று மாதத்தில் ஆறாத புண்ணையும், உள்ளங்காலில் 7 மில்லிமீட்டரைத் தாண்டிப் புதிதாக வளரும் புள்ளியையும், ஒற்றை விரலில் அகன்றுகொண்டே போகும் கோட்டையும் மறுபடி சுரண்டாமல், மின்கருவியால் சுடாமல், தோல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வெறும் மரு என்று சுட்டுவிட்டால் ஆழத்தை அளக்கத் திசுவே மிஞ்சாது. எடுத்த சதையை நோய்க்குறியியலுக்கு அனுப்பாமல் குப்பையில் போடுவதும் அதே தவறுதான்.